சுத்து, அமுக்கு, திருப்பு, தள்ளு

அன்புள்ள தம்பி,

போன வாரம் என் வீட்டுக் கம்பிக் கதவில் செருகிவிட்டுப் போன உன் சின்னப் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு. இரண்டாம் தடவை பழைய லூப்பையும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு. தாத்தா விட்டுப்போன மூன்று ஃபிலிம் கேமராவையும் வருஷத்துக்கு ஒரு தடவைகூடத் தொடுவதில்லை, விற்றுவிடலாமா என்று முப்பத்திரண்டு பக்கம் யோசித்திருக்கிறாய். பதிலை ஊரறிய எழுதுகிறாளே கிழவி என்று கோபப்படாதே. ஜூரோங் வெஸ்ட்டிலேயே இதே கேள்வியோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு தே-ஓ போட்டுக் கொடுத்து ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல என்னால் ஆகவில்லை.

படம் எடுப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் உனக்குத் தெரிகிறது, எங்கே நிற்க வேண்டும் என்றும் தெரிகிறது. என்னைக் குத்தியது ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு விகுதி. ரோலை 35 பற்றி எழுதும்போது, ஜெர்மனியில் செய்தது இல்லை, சிங்கப்பூரில் செய்ததுதான் என்று போட்டிருக்கிறாய்.

அந்தத் 'தான்' நான்தான், தம்பி.

1974இல் எனக்குப் பதினெட்டு வயது. ரோலை கம்பெனி ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பிரிட்டிஷ்காரன் படையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய நேரம். ஊரில் எல்லோருக்கும் வேலை பற்றிய பயம். அரசாங்கம் கம்பெனிகளோடு சேர்ந்து பயிற்சி நிலையங்கள் திறந்தது: 1972இல் டாடாவோடு, 1973இல் ரோலையோடு. என்னைப் போல ஆயிரக்கணக்கான பெண்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, தலைமுடியை வலைக்குள் அடக்கிக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து கேமரா செய்தோம். என் அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர். மகள் கேமரா செய்கிறாள் என்றால் அவர் நம்பவில்லை. கேமராவைத் துடைத்து டப்பாவில் போடுகிறாள் என்றுதான் கடைசிவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெய்ன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மன்காரர் வடிவமைத்த கேமரா அது. 1966இல் கொலோன் நகரத்துக் கண்காட்சியில் காட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் முழு 35 மில்லிமீட்டர் படம் எடுக்கும். இருக்கிற இடத்தில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருந்ததால் எதுவும் வழக்கமான இடத்தில் இருக்காது. சுற்றும் நெம்புகோல் இடது கையில். ஃபிளாஷ் மாட்டும் இடம் அடிவயிற்றில். ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் கைப்பிடியும், எத்தனை படம் ஆயிற்று என்று காட்டும் எண்ணும்கூட அடியில்தான். லென்ஸ் குழாய் உள்ளே மடங்கும். அந்தக் குழாய் சரியாக மடங்குகிறதா என்று பார்க்கும் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள்.

ஜெர்மன் பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்ததை நாங்கள் ஆளாளுக்கு எங்கள் பாஷையில் ஆக்கிக்கொண்டோம். பக்கத்து மேசை மலாய்ப் பெண் 'பூசிங், தெக்கான்' என்று முணுமுணுப்பாள். எங்கள் வரிசையில் 'சுத்து, அமுக்கு, திருப்பு, தள்ளு'. முதலில் நெம்புகோலைச் சுற்ற வேண்டும். பிறகு மேலே இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கி, குழாயைத் திருப்பி, உள்ளே தள்ள வேண்டும். சுற்றாமல் தள்ளினால் போகாது. போகக் கூடாது என்றே செய்தது அது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. கல்யாணமான புதிதில் தூக்கத்தில் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இப்போது உன் பத்தாம் பக்கத்துக்கு வருவோம். லென்ஸ் உள்ளே போக மறுக்கிறது, கேமரா மூச்சை நிறுத்திவிட்டது, 'ஸ்பாய்ல்' என்று போட்டுக் கரோசலில் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று உருகி எழுதியிருக்கிறாய். மூச்சும் நிற்கவில்லை ஒன்றும் நிற்கவில்லை. நீ கிளிக் செய்து பார்த்துவிட்டு, சுற்றாமல் தள்ளியிருக்கிறாய். ஐம்பது வருஷம் கழித்தும் அந்தப் பூட்டு தன் வேலையைச் செய்கிறது. சிங்கப்பூரில் செய்ததுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழைய கேமரா சேர்க்கிறவர்கள் ஜெர்மனியில் செய்த ரோலை 35க்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள், எங்களுடையதுக்குக் குறைத்துக் கேட்பார்கள். அதே வரைபடம்தான். லென்ஸைக்கூட ஸைஸ் உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள். பெனின்சுலா பக்கம் ஒரு கடையில் என் முன்னாலேயே ஒருவர், இது சிங்கப்பூர் சரக்கு, அதற்கு இவ்வளவுதான் என்று பேரம் பேசினார். பேரத்துக்கு அது ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, ஒரு மணி நேரம் எம்ஆர்டியில் புழுங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். 1981இல் ரோலை இங்கே கதவை மூடியது. என் மேசையில் நான் தொட்டவை எங்கெங்கே போயினவோ, இன்னும் மடங்கி விரிந்துகொண்டிருக்கும்.

சரி, விற்பது பற்றி. நைக்கான் எஃப்எம்2வை விற்றுவிடு. 1982இல் வந்த கேமரா, பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், வெளிச்சமானிக்கு மட்டும்தான் பேட்டரி. உன் அலமாரியில் சட்டைகளுக்கு நடுவே கிடந்தால் கண்ணாடிக்கு மேலே இருக்கும் பஞ்சு பிசினாகி ஒழுகும், லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை பின்னும். நம் ஊர் ஈரம் யாரையும் விடாது. டிரை கேபினட்டில் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வைத்து மாசத்துக்கு ஒரு தடவையாவது ஷட்டரைத் தட்டிவிட உனக்குச் சோம்பல் என்றால், தட்டுகிற ஒருவன் கையில் கொடு. ஒரு ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய முப்பது வெள்ளிக்கு மேல் ஆகும்போது, தொடாமல் வைத்திருப்பதற்காக யாரும் உன்னைத் திட்டப் போவதில்லை. யாஷிகா மேட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். காரணம் கீழே வருகிறது. ரோலை விஷயத்தில் என்னிடம் நியாயம் எதிர்பார்க்காதே.

ஆனால் இந்த முப்பத்திரண்டு பக்கத்தில் நீ கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நெகட்டிவ் எங்கே?

இருபதாம் பக்கத்தில் பெரிய வெள்ளைத் திரை, முன்னால் வரிசையாகக் கார்கள். கீழே 'ஒரு மாலை' என்று எழுதியிருக்கிறாய். அது ஜூரோங் டிரைவ்-இன், தம்பி! 1971இல் திறந்தது, 1985இல் மூடிவிட்டார்கள். பக்கத்தில் அருவிக்கு முன்னால் நிற்கும் குழந்தை, 'நினைவு'. பறவைப் பூங்கா அருவி அது. பூங்காவையே 2023 ஜனவரி 3ஆம் தேதி மூடியாயிற்று, திறந்து சரியாக 52 வருஷம் கழித்து. அந்தக் குழந்தை யார்? உன் அம்மாவா? புத்தகம் முழுக்க ஒரு பெயர் இல்லை, ஒரு தேதி இல்லை. 'உறைந்த காலம்' மட்டும் நான்கு இடத்தில் வருகிறது. எந்தக் காலம் என்று எழுத உனக்குக் கை வரவில்லை.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. தேக்கா பக்கம் நாங்கள் வைத்திருந்த சின்ன ஸ்டூடியோவை மூடியபோது, கல்யாண நெகட்டிவ்களைப் பிஸ்கட் டின்களில் அடுக்கி ஜூரோங்குக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்காரர் போனபின் ஒரு நாள் திறந்தால் குப்பென்று காடி வாசனை. ஃபிலிம் நெளிந்து போயிருந்தது, உறைகளில் பாதிக்கு மேல் பெயரில்லை. யாருடையது என்று தெரியாததை வைத்து என்ன செய்ய என்று மூன்று டின்னைக் குப்பைக் குழாயில் போட்டேன். பத்து மாடி விழும் சத்தம் கேட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். பெருமாள் கோயிலில் அம்மா அப்பா கல்யாணம், ஆல்பம் வீட்டில் தண்ணீர் பட்டு ஒட்டிப்போய்விட்டது, நெகட்டிவ் இருக்குமா ஆன்ட்டி என்றாள். மிச்சமிருந்த டின்னைத் தேடுவது போல உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரரின் கேமராவையும் அதே வருஷம்தான் விற்றேன். அது ஒரு நாளும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

உங்கள் வயதுக்காரர்கள் ஸ்கேன் மின்னஞ்சலில் வந்துவிட்டால் நெகட்டிவை எடுக்க லேப் பக்கமே போவதில்லையாம். சில மாதம் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று ஒரு லேப்பில் என்னிடமே சொன்னார்கள். கேமராவுக்குக் கண்ணீர் விட்டு முப்பத்திரண்டு பக்கம் எழுதிய பிள்ளை, கேமரா பெற்றதைக் குப்பையில் விட்டு வைத்திருந்தால் உன் காதைத் திருகுவேன்.

இப்போது பதினான்காம் பக்கம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கோபம் முந்திக்கொண்டது. சதுரப் படம், அதனால் யாஷிகாவில் எடுத்தது. வீவக ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழி, அதில் ஆறு கெஜம் சேலை காற்றில் உப்பிப் படத்தின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டியின் முகம் இல்லை. சேலை விளிம்பில் கிளிப்பை மாட்டும் கை மட்டும், இரண்டு வளையலோடு. தம்பி, நானும் வீட்டுக்காரருமாக எடுத்த அத்தனை படத்திலும் இப்படி ஒன்று இல்லை. மூன்று நாளாக அந்தப் பக்கம் மேசையில் திறந்தே கிடக்கிறது. எடுத்தது நீயா, தாத்தாவா? நீ என்றால், யாஷிகாவை விற்க நினைத்த வாயை முதலில் கழுவு. தாத்தா என்றால், அவரைப் பற்றி எழுத உன்னிடம் இன்னொரு புத்தகம் இருக்கிறது. கீழே பெயர் போட்டிருந்தால் இந்த வயதில் நான் இப்படி லூப்போடு திண்டாட வேண்டாம்.

லூப் என்றதும் ஞாபகம் வந்தது. பதினோராம் பக்கத்தில் ரோலையை வெள்ளைத் துணியில் குப்புறக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்திருக்கிறாயே, அதில் அந்த எண் தெரிகிறது. 17. பின்மூடியைக் கழற்றினால் அந்த எண் தானாக ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். அந்த மேசையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன். பதினேழில் நிற்கிறது என்றால் உள்ளே தாத்தா போட்ட ஃபிலிம் இன்னும் இருக்கக்கூடும், கடைசியாக நீ சும்மா அமுக்கிப் பார்த்த ஒன்றும் சேர்த்து.

விளம்பரம் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. அடியில் இருக்கும் பூட்டைத் தொடாதே, மூடியை இழுக்காதே, குழாயை இனிமேல் தள்ளாதே. அப்படியே ஒரு துண்டில் சுற்றி எடுத்து வா. சனிக்கிழமை காலையில் நான் பூன் லே சந்தைக்குப் போய்விடுவேன், பத்தரைக்கு மேல் வந்தால் வீட்டில் இருப்பேன். நடக்க முடிந்தால் பாட்டியையும் அழைத்து வா, எங்கள் புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது.

உன் ஆன்ட்டி