முடக்குவாதமும் சிறுநீரகமும்

முடக்குவாதம் மூட்டுகளோடு நின்றுவிடும் நோயன்று. பல ஆண்டுகள் நீடிக்கும்போது அது சிறுநீரகங்களையும் பாதிக்கக்கூடும்.

இதற்கு இரண்டு முக்கிய காரணங்கள் உள்ளன. ஒன்று, கட்டுப்படுத்தப்படாத அழற்சி. அது நீடித்தால், ஈரலில் உருவாகும் ஒருவகைப் புரதம் சிறுநீரகத்தில் படிந்து, அதன் வடிகட்டும் திறனைக் குன்றச் செய்யும். மற்றையது, வலிநிவாரணிகள். இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கின்றன. வாந்தி, வயிற்றோட்டத்தால் உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் இத்தீங்கு மேலும் கூடும்.

சிறுநீரகப் பாதிப்பு தொடக்கத்தில் வலியைத் தருவதில்லை. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவை தோன்றும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். ஆகவே கிரியாட்டினின் அளவை அறியும் குருதிப் பரிசோதனையும், புரதக் கசிவை அறியும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஒழுங்காகச் செய்யப்படல் வேண்டும்.

மெதோட்ரெக்சேற் மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், இப்பரிசோதனை முடிவுகளைக் கொண்டே அதன் அளவு சீராக்கப்படுகிறது. அச்சத்தால் அதனைத் தாமாகவே நிறுத்துதல் தகாது. அழற்சி மீண்டும் பெருகக்கூடும்.

மருத்துவச் சீட்டின்றிக் கடையில் வாங்கிய மாத்திரைகள், ஊரிலிருந்து வந்த மூலிகை மருந்துகள் உட்பட, உட்கொள்ளும் அனைத்தையும் குடும்ப வைத்தியரிடம் கூறுவதே சிறுநீரகத்தைக் காக்கும் முதற்படியாகும்.