கனடாவில் உக்ரேனியர்: வாசகசாலையும் வாக்குரிமையும்

பிறதேசத்திற் குடியேறினோர் அத்தேசத்தின் பொதுக்காரியங்களில் இடம்பெறும் வகையை ஆராயப் புகுவோர்க்குக் கனடாவிலுள்ள உக்ரேனியரின் சரித்திரம் மிக்க பயன் தருவதாம். 1891-ஆம் ஆண்டிற் கலீஷியா நாட்டு நெபிலிவ் கிராமத்தினின்றும் இருவர் ஆண்டுச் சென்றனர். 1914-க்குள் அவரைப் பின்தொடர்ந்தோர் ஏறக்குறைய 1,70,000 பேர். பெரும்பாலோர் பத்து டாலர் கட்டணத்திற்கு 160 ஏக்கர் தரிசு பெற்று, மேற்குப் பிரதேசங்களிற் காடு திருத்தி உழுத குடியானவர்.

கோயிலுக்கு அடுத்தபடியாக அவர்கள் எழுப்பியது 'நரோத்னி தீம்', அதாவது 'மக்கள் இல்லம்'. இதற்கு மாதிரி தாய்நாட்டிலேயே இருந்தது. 1868-இல் லிவீவ் நகரில் தோன்றிய 'புரோஸ்விட்டா' என்னும் கல்விச் சங்கம் ஆங்குக் கிராமங்கள்தோறும் வாசகசாலைகளைப் பரப்பியிருந்தது. அம்மரபையே இவர்கள் கடல் கடந்து கொண்டுவந்தனர். எழுத்தறிந்தார் ஏனையோர்க்குப் பத்திரிகை படித்துக் காட்டுவர், நாடகங்கள் நடைபெறும், அக்கிராசனரும் காரியதரிசியும் தெரிந்தெடுக்கப்படுவர். இவை அற்பமெனத் தோன்றலாம். ஆயினும், தேர்தலென்பது இன்னதென்று பலர் முதன்முதற் பயின்றது இம்மரக் கட்டிடங்களிலேயே என்பது எம் கருத்து.

நிற்க. முதல் மகாயுத்தம் மூண்டது. கலீஷியா ஆஸ்திரிய அரசுக்குட்பட்டிருந்தமையின், அவ்வரசின்கீழ் வறுமையுற்று நீங்கி வந்த இவர்களே 'பகைநாட்டார்' எனப்பட்டனர். கனடாவிற் காவல் முகாம்களில் அடைபட்ட 8,579 பேருட் பெரும்பாலோர் உக்ரேனியர். ஏறக்குறைய 80,000 பேர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். 1916-இல் மானிடோபாவின் இருமொழிப் பள்ளிகள் ஒழிந்தன. 1917-ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டமோ, பகைநாட்டிற் பிறந்து 1902 மார்ச்சு 31-க்குப் பின் பிரஜையானாரின் வாக்குரிமையைப் பறித்தது. போர்ச்சேவை செய்தோர் முதலிய சிலர்க்கே விலக்கு. 'பிரஜை' என்று எழுதிக்கொடுத்த கையே அதனை அழித்ததென்க.

அச்சட்டத்திற்குப்பின் ஒன்பதாண்டு கழிந்து, 1926-இல், அல்பர்ட்டாவின் வெக்ரவில் தொகுதியினர் மைக்கேல் லுச்கோவிச் என்பாரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். அச்சபையில் அமர்ந்த முதல் உக்ரேனியர் இவரே. குடியானவர் கட்சியின் சார்பில் நின்றவரெனினும், 1931-இற் போலந்து ஆட்சியிற் கலீஷிய உக்ரேனியர் பட்ட துன்பத்தை அச்சபையில் எடுத்துரைத்தார். இஃது இரண்டகமாமோ எனச் சிலர் வினவுவர். தன்னைத் தெரிந்தெடுத்தோரின் துயரை உரைப்பது பிரதிநிதியின் தொழிலேயன்றோ?

1964-இல் மேற்சபையிற் பால் யூசிக் பல்பண்பாட்டுக் கொள்கைக்காக வாதித்தார். 1991 டிசம்பர் 2-இல் உக்ரேனின் சுதந்தரத்தை மேலைநாடுகளுள் முதலாவதாகக் கனடா அங்கீகரித்தது. முகாம் அநீதியை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2005-இல் நிறைவேறிற்று. அம்மசோதாவைக் கொணர்ந்தவர் உக்ரேனியரல்லர்; சீனாவிற் பிறந்து கனடாவிற் குடியேறிய இங்க்கி மார்க் என்னும் மானிடோபா அங்கத்தினர்.