போலோன்யா கடைத்தெருவுக்குக் கிளம்பும் முன்

இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1088 என்கிறார்கள். பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டிய குவாட்ரிலாத்தெரோ கடைச் சந்துகளும் பழமையானவை. மீன்கடைத் தெரு, துணிக்கடைத் தெரு, பொற்கொல்லர் தெரு என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்த மயக்கத்தில் பர்ஸைத் திறக்கிறவர்கள்தான் அங்கே ஏமாறுகிறார்கள். நீங்கள் ஏமாற வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• காலையிலேயே போய்விடுங்கள். மீனும் காயும் விற்கும் நேரம் அது. மாலையில் சந்து முழுக்க ஒயின் மேசைகள்தான்.

• விலைப்பலகையில் கிலோவா, எட்டோவா என்று பாருங்கள். ஒரு எட்டோ 100 கிராம். எட்டோவுக்கு 4 யூரோ என்பதைக் கிலோவுக்கு என்று நினைத்து அரைக்கிலோ ஹாம் வெட்டச் சொன்னால் பில் 20 யூரோ வரும். வெட்டியதைத் திருப்பித் தர முடியாது.

• சைவமா? ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள். டொர்டெல்லினி பாஸ்தாவுக்குள் இருப்பது இறைச்சி. சற்றுப் பெரிய டொர்டெல்லோனியில் வழக்கமாக ரிகோட்டா சீஸ். பியாதினா ரொட்டி மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். பார்மிஜானோ சீஸுக்குப் பாலைத் திரிய வைப்பதே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான். பாஸ்தா மேல் அந்தச் சீஸைத் தூவும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

• பார்மிஜானோவைத் தோலோடு வாங்குங்கள். அசலில் பெயர் புள்ளிப் புள்ளியாகப் பதிந்திருக்கும். வேக்குவம் பேக் கேளுங்கள், பயணம் தாங்கும்.

• சந்தையில் வாங்கிய சாப்பாட்டோடு ஒஸ்தெரியா தெல் சோலேக்குப் போங்கள். 1465 முதல் நடக்கும் மதுக்கடை. குடிக்க மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும்.

• பழம், காய் வாங்க வியா ஊகோ பாஸ்ஸி தெருவில் உள்ள மெர்காத்தோ தெல்லே எர்பே சந்தைக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் வாங்கும் இடம். காய்கறிக்காரர் பிழைத்தால்தான் அது சந்தையாக நீடிக்கும். போட்டோ மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள்.

• துணிமணிக்கு வெள்ளி, சனியில் பியாட்சோலா சந்தை.

செய்யக்கூடாதவை

• பழத்தைத் தொட்டு அழுத்தாதீர்கள். கடைக்காரர்தான் எடுத்துத் தருவார்; நம்மூர்ப் பழக்கம் அங்கே முகச்சுளிப்பில் முடியும்.

• வாடகைக் காரில் பழைய நகருக்குள் நுழையாதீர்கள். நுழைவாயில் கேமரா நம்பரைப் படமெடுத்துவிடும். அபராதமும், அதற்கு மேல் கார் நிறுவனத்தின் கட்டணமும் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

• தெருவில் விரித்துப்போட்ட பிராண்டட் பைகளை வாங்காதீர்கள். இத்தாலியில் போலிச் சரக்கு வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு.

• "இலவசம்" என்று கையில் கயிறு கட்ட விடாதீர்கள். கட்டியதும் காசு கேட்பார்கள்.

• 'டிரெடிஷனல்' பால்சமிக் வினிகர் என்று சொல்லி வேறு பாட்டிலைத் தந்தால் வாங்காதீர்கள். மொடேனா ஊரின் அந்த அசல் வகை குறைந்தது 12 ஆண்டு பழையது. அதற்கே உரிய உருண்டை வடிவ 100 மில்லி பாட்டிலில்தான் வரும். 'ஐஜிபி' முத்திரையோடு வரும் விலை குறைந்த வினிகரும் நல்லதுதான், சாலட்டுக்கு அதுவே போதும்.

• 'ஸ்பகெத்தி போலோனீஸ்' என்று பலகை வைத்த கடையில் உட்காராதீர்கள். ஊர்க்காரர்கள் ராகு என்ற இறைச்சி சாஸைத் தாலியாதெல்லே பாஸ்தாவோடுதான் சாப்பிடுவார்கள். அந்தப் பலகை சுற்றுலாப் பயணிக்காக வைத்தது.

• 'கோபெர்த்தோ' என்று பில்லில் இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். மேசைக் கட்டணம் அது. மெனுவில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

• சுங்க விதியைப் பார்க்காமல் மோர்ட்டடெல்லா இறைச்சியைப் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பயணிகள் இறைச்சி, பால்பொருள் கொண்டுவர 2025 ஏப்ரலில் பிரிட்டன் தடை போட்டது. சந்தேகமாக இருந்தால், வாங்கியதை அங்கேயே ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.