கைக்குழந்தைக்கு ஏ.இ.டி. கருவி வைக்கலாமா?



முதலுதவி பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: "ஒரு வயசு கூட ஆகாத குழந்தைக்கு கரண்ட் வைக்கலாமா? பிஞ்சு உடம்பு தாங்குமா?"

வைக்கலாம். 2005-ல் வந்த அமெரிக்க இதய சங்க வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2010-ல் அது மாறியது. கருவி முதலில் இதயத் துடிப்பைச் சோதிக்கும். தேவையில்லாவிட்டால் ஷாக் கொடுக்க விடாது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு நின்றதால்தான். தண்ணீரில் மூழ்குதல், தொண்டையில் அடைப்பு, நிமோனியா போன்றவை காரணம். அதனால் கருவி வரும்வரை காத்திருக்காமல் கையையும் மூச்சையும் பயன்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவும் சரியான மூச்சும் இல்லை என்றால் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒருவர் 108-க்கு போன் செய்யட்டும், இன்னொருவர் கருவி இருந்தால் எடுத்து வரட்டும்.

2. குழந்தையைக் கெட்டியான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால், அல்லது இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரு கட்டைவிரல்களால் அழுத்துங்கள். ஆழம் சுமார் 4 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இரண்டு விரலால் அழுத்தும் பழைய முறையை 2025 வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது.

3. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி, மார்பு மேலெழும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஊதுங்கள்.

4. கருவி வந்ததும் ஆன் செய்யுங்கள். மார்பு ஈரமாக இருந்தால் துடையுங்கள். குழந்தைகளுக்கான பட்டை ஒன்றை மார்பின் நடுவிலும் இன்னொன்றை முதுகிலும் ஒட்டுங்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. குழந்தைப் பட்டை இல்லையென்றால் பெரியவர்களுடையதையே இதே மாதிரி ஒட்டலாம்.

5. கருவி சோதிக்கும்போதும் ஷாக் கொடுக்கும்போதும் யாரும் தொடாதீர்கள். ஷாக் முடிந்த உடனே மறுபடி அழுத்துங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை கருவியே சோதிக்கும்.

பதற்றத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஓடத் தோன்றும். ஓடும் நேரத்தில் அழுத்தம் நின்றுபோகும். "நாம தொட்டு ஏதாவது ஆயிட்டா?" என்ற பயமும் வேண்டாம். மூச்சும் துடிப்பும் நின்ற குழந்தைக்கு, கை கட்டி நிற்பதுதான் ஆபத்து.

அடுத்த குழுக் கூட்டத்தில் கிராம செவிலியரை அழைத்து, பொம்மையில் எல்லோரும் ஒருமுறை அழுத்திப் பழகுவோம். நம் பகுதியில் இந்தக் கருவி எங்கே இருக்கிறது என்றும் விசாரித்து வைப்போம்.