கேபிளைத் திருகும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பழைய புல்லட்டுகளுக்கென்றே தனிப் பட்டறை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் கிளட்சைப் பற்றி உன்னிடம் இரண்டே விஷயம்தான் சொல்வார்கள். ஒன்று, "ஸ்லிப் ஆகுது." இன்னொன்று, "நியூட்ரல் விழல." எதைச் சொன்னாலும் உன் கை நேராகக் கேபிள் அட்ஜஸ்டருக்குத்தான் போகும். அந்தக் கையை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்கத்தான் இந்தக் கடிதம்.

நீ தொடுவது இங்கிலாந்தின் ரெட்டிட்ச்சில் உருவான வடிவமைப்பு. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபின் சென்னை திருவொற்றியூரில் வேர்பிடித்து, வலக்கால் கியரோடும் நாலு கியர் ஆல்பியன் பெட்டியோடும் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதுவே தலைவலியும்கூட. ஆர்.சி. புத்தகத்தில் 1972 என்று இருக்கும்; உள்ளே புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பிளேட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய புது ஸ்பிரிங்கும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். திறந்து பார்க்கும்வரை எதையும் நம்பாதே.

லிவரைப் பிடித்தால் கேபிள் கியர்பாக்ஸின் வலப்பக்கத்துக் கையை இழுக்கிறது. அந்தக் கை, துளையிட்ட மெயின்ஷாஃப்ட்டுக்குள் ஓடும் புஷ்ராடைத் தள்ளுகிறது. இடப்பக்கத்தில் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கை எதிர்த்து வெளியே விலகுகிறது. லிவரை விட்டதும் ஸ்பிரிங்குகளின் முழு பலமும் பிளேட்டுகள் மேல் உட்கார வேண்டும். அதற்காகத்தான் கேபிளில் சுமார் 1.5 மி.மீ. விளையாட்டு, அதாவது தளர்வு, விடுகிறோம். அது இல்லையென்றால் வண்டி ஓடும் நேரமெல்லாம் யாரோ லேசாக லிவரைப் பிடித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். பிளேட் தேயும், புஷ்ராடின் முனை சூடேறி நீலம் பாயும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார். கேபிள் நீண்டால் கூடும். பிளேட் தேய்ந்தால் குறையும். அடுக்கு மெலிந்து பிரஷர் பிளேட் உள்ளே நகர, புஷ்ராடு வலப்பக்கம் தள்ளப்பட்டு அந்த இடைவெளியைத் தின்றுவிடும். லிவர் தொளதொளவென்று இருந்தால் கேபிளைச் சந்தேகப்படு. நீயோ வண்டிக்காரரோ தொடாமலே இறுகியிருந்தால் பிளேட்டைச் சந்தேகப்படு. பார்க்காமலே திருகிவிட்டால் வண்டி சொல்லவந்ததை நீயே அழித்துவிடுகிறாய். அளந்து, சீட்டில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடு.

அட்ஜஸ்ட் செய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. இன்ஜின் ஆறியிருக்கட்டும். முதலில் கேபிள் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்து. கியர்பாக்ஸ் பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்தி, நடு ஸ்குரூவைப் புஷ்ராடைத் தொடும்வரை திருப்பு. தொட்டதும் கொஞ்சம் பின்வாங்கி நட்டைப் பூட்டு. கடைசியில்தான் கேபிள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி மறுபடி பார். ஒரு பக்கம் திருப்பினால் விளையாட்டு காணாமல் போகிறதென்றால் கேபிள் போகும் வழி தப்பு. லிவர் முனையில் நிப்பிள் அருகே ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடு. மீதி இழைகள் நடுரோட்டில்தான் அறும்.

அளவு சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால் கிக்கரைக் கேள். புல்லட்டில் கிக்கர் கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்ரஷனில் நிற்க வேண்டிய கிக்கர் மெத்தென்று நழுவி இறங்கினால் கிளட்ச்; 'கடக்' என்று விட்டுப் பிடித்தால் ராட்செட். பிறகு ஓட்டிப் பார். டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரைத் திருகும்போது சத்தம் முன்னே போய் வண்டி பின்தங்கினால் சந்தேகமே வேண்டாம்.

உள்ளே போகுமுன் பிரைமரி கேஸில் என்ன ஆயில் ஊற்றினார் என்று வண்டிக்காரரைக் கேள். உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்த கார் ஆயிலை நல்லெண்ணத்தில் ஊற்றி, நல்ல பிளேட்டை வழுக்கவிட்டவர்கள் நிறைய. ஈரக் கிளட்சுக்கு ஏற்றதென்று ஜேஸோ எம்ஏ முத்திரை போட்ட ஆயிலை லெவல் ஸ்குரூ வரைக்கும் ஊற்று, அதற்கு மேல் வேண்டாம்.

நியூட்ரல் விழாத வண்டியில் நோய் வேறு: கிளட்ச் முழுக்க விடவில்லை. காலையில் மட்டும் என்றால் ஆயிலில் பிளேட் ஒட்டியிருக்கும். லிவரைப் பிடித்துக்கொண்டு நாலு கிக் வெறுமனே உதைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல், போதும். நாள் முழுக்க என்றால் பிரைமரி கேஸைத் திற. நடுவில் ஒரே நட்டுதான். மூடும்போது கசிவை நிறுத்த அந்த நட்டை முறுக்கித் தள்ளாதே. கசிவைத் தடுப்பது ரப்பர் சீல்.

திறந்ததும் பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே, பக்கம் மாறாமல் துணிமேல் அடுக்கு. புல்லட்டில் தட்டையான ஸ்டீல் பிளேட்டும் உண்டு, வேண்டுமென்றே லேசாகக் குவித்த பிளேட்டும் உண்டு. விவரம் தெரியாதவன் குவித்ததை 'வளைஞ்சுபோச்சு' என்று சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடுவான். தட்டையானதைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார். ட்ரம்மின் பள்ளங்களில் விரலை ஓட்டு. பிளேட்டின் காதுகள் குத்திக் குத்திப் படிக்கட்டு விழுந்திருந்தால் பிளேட் அதில் மாட்டிக்கொண்டு விலகாது. லேசான தழும்பை அரம் போட்டுச் சமன்படுத்தலாம். ஆழமாக இருந்தால் ட்ரம் மாற்றத்தான் வேண்டும். ட்ரம்மை ஆட்டிப் பார்த்து பேரிங்கையும் சோதி. பிரைமரி செயின் மிக இறுக்கமான இடத்தில் சுமார் 6 மி.மீ. ஆடட்டும்.

ஸ்பிரிங்குகளை மேஜைமேல் வரிசையாக நிறுத்து. ஒன்று குட்டையாக நின்றாலும் செட்டாக மாற்று. பிரஷர் பிளேட் கோணலாக எழும்புவது பெரும்பாலும் இதனால்தான். ஸ்பிரிங் ஸ்குரூக்களை முழுசாக உட்காரும்வரை இறக்கு. நட்டைக் கூட்டிக் குறைத்துக் கோணல் எடுப்பது டிரையம்ஃப் போன்ற வண்டிகளின் முறை, இங்கே வேண்டாம். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து ஸ்லிப்பை நிறுத்தும் கைவேலையையும் பார்ப்பாய். ஸ்லிப் நிற்கும், லிவர் கல்லாகும், கேபிள் அறும், தேய்ந்த பிளேட் தேய்ந்தபடியே இருக்கும். ஊர்போய்ச் சேரும்வரை செய்துகொடுக்கலாம். ஆனால் வாஷர் வைத்திருப்பதை வண்டிக்காரரிடம் சொல்லிவிடு.

கடைசியாக, வண்டியை ஒப்படைக்குமுன் அவரை ஓட்டச்சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போ. சிக்னலுக்குச் சிக்னல் கியரிலேயே நின்று லிவரைப் பிடித்திருக்கிறாரா, ஓடும்போது இரண்டு விரலை லிவர்மேல் போட்டுவைக்கிறாரா என்று பார். அந்த விரல் இருக்கும்வரை நீ போட்ட புதுப் பிளேட் நிலைக்காது. பெரியவர் என்றால் பக்குவமாகச் சொல், ஆனால் சொல்லாமல் விடாதே. மாற்றிய பழைய பாகங்களை அவர் கையில் கொடு, அளவு எழுதிய சீட்டையும் கொடு. அடுத்த முறை அந்த வண்டி உன்னிடமே வந்தாலும் வேறு பட்டறைக்குப் போனாலும், திருகுகிறவனுக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரிந்திருக்கும்.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்தவன்