பற்களும் பத்து இலக்க எண்ணும்

பல் மருத்துவரிடம் செல்கிறோம். அவர் சொத்தைப் பல்லை அடைக்கிறார், அல்லது பிடுங்குகிறார். பின்பு எதையோ குறித்துக்கொள்கிறார். அத்துடன் அந்தக் குறிப்பின் வேலை முடிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அத்தகைய ஆயிரக்கணக்கான குறிப்புகளை முறையாக இணைத்துப் பார்த்தால் எவ்வளவு பயன் விளையும் என்பதை ஸ்காட்லாந்து நாடு காட்டியுள்ளது.

2003-ஆம் ஆண்டில் அந்நாட்டில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் வெளிப்படையான சொத்தை இல்லாதவர்கள் நூற்றுக்கு 45 பேர்தாம். மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்குவதற்கென்றே ஏராளமான சிறு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏழைக் குடும்பங்களிலேதான் துன்பம் அதிகம். இதை மாற்ற 2006-இல் 'சைல்ட்ஸ்மைல்' என்னும் திட்டம் தொடங்கியது. பாலர் பள்ளியில் ஆசிரியையின் கண்பார்வையில் நாள்தோறும் பல் துலக்குதல், பற்களுக்குப் புளோரைடு பூச்சு, பல் மருத்துவரிடம் தவறாத வருகை, வீடு தேடிச் சென்று ஆலோசனை கூறுதல் எனப் பல பணிகள் அதில் அடங்கும். 2018-இல் சொத்தையற்ற பிள்ளைகள் நூற்றுக்கு 71 ஆயினர்.

மகிழ்ச்சிதான். ஆயினும் இவற்றுள் எது உண்மையில் பலன் தந்தது? இதை அறியாமல் பணத்தை எதில் செலவிடுவது?

விடை பல இடங்களில் சிதறிக் கிடந்தது. பள்ளிப் பரிசோதனைக் குறிப்பு ஓரிடம். பாலர் பள்ளிப் பதிவேடு வேறிடம். பல் மருத்துவர் அரசிடம் கட்டணம் கோரி அனுப்பிய படிவம் மற்றோரிடம். இவற்றைக் கோக்கும் நூலாக அமைந்தது, அந்நாட்டு நோயாளிகளுக்கு வழங்கப்படும் பத்து இலக்க எண். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிக்கும். ஒன்பதாம் இலக்கம் இரட்டைப்படையானால் பெண், ஒற்றைப்படையானால் ஆண். கடைசி இலக்கம் மற்ற ஒன்பதையும் கொண்டு கணக்கிடப்படுவதால், எண்ணைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கணக்குப் பாடம் எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்!

இங்கே வேறொரு நினைவும் எழுகிறது. 1940-களில் ஸ்வீடன் நாட்டு வீப்பெஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களை ஏராளமாகக் கொடுத்து, பல் சொத்தையாவதைக் கவனித்தார்கள். இனிப்புக்கும் சொத்தைக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டது. ஆனால் சம்மதம் சொல்ல இயலாத எளியவர்களின் பற்கள் அதற்குப் பலியாயின. பதிவேடுகளை இணைக்கும் முறையில் எவருக்கும் அத்தகைய கேடு நேர்வதில்லை.

வேறு ஆபத்து உண்டு. நம் உடல்நிலை நமக்குரிய செய்தி. அதை அயலார் படிக்கலாமா? பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சிறு தீவொன்றில் ஐந்து வயதுப் பிள்ளைகள் நால்வரே இருந்தால், அவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். எனவே ஸ்காட்லாந்தில் தனிக் குழு ஒன்று ஆய்வின் நோக்கத்தைச் சோதித்த பின்பே அனுமதி தருகிறது. ஆய்வாளருக்குப் பெயர் தெரியாது. பாதுகாக்கப்பட்ட கணினியிலேயே அவர் வேலை செய்ய வேண்டும். முடிவுகளும் சோதிக்கப்பட்டே வெளிவரும். இந்தக் கண்டிப்பு ஆய்வைத் தாமதப்படுத்தும் என்போர் உண்டு. தாமதமானாலும் அதுவே சரி என்பது எங்கள் கருத்து. இங்கிலாந்தில் 'கேர் டாட் டேட்டா' என்ற பெருந்திட்டம் மக்களின் நம்பிக்கையைப் பெறாமல் 2016-இல் கைவிடப்பட்டதே!

சுமார் 50,000 பிள்ளைகளின் குறிப்புகளை இணைத்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பாலர் பள்ளியில் நெடுங்காலம் பல் துலக்கியவர்களிடமும், பல் மருத்துவரிடம் ஒழுங்காகச் சென்றவர்களிடமும் சொத்தை குறைவாக இருந்தது. துலக்குதலின் பலன் ஏழ்மை மிகுந்த பகுதிகளிலேதான் மிக அதிகம். பள்ளிகளில் இட்ட புளோரைடு பூச்சுக்கோ தனிப்பலன் தெளிவாகத் தென்படவில்லை. விலை குறைந்த தூரிகையும் பற்பசையும் முந்திக்கொண்டன! ஆனாலும் இப்பதிவேடுகள் சொல்லாதது ஒன்றுண்டு: இரவில் படுக்கப் போகுமுன் வீட்டில் யார் பல் துலக்கினார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.