குறைந்த இம்பீடன்ஸ் பிக்கப்: கேள்வியும் பதிலும்

கேள்வி: மல்டிமீட்டரில் 6 கிலோ ஓம் காட்டும் கிடார் பிக்கப்பை 3 கிலோ ஓமாக்கினால் அது குறைந்த இம்பீடன்ஸ் பிக்கப் ஆகுமா?

பதில்: ஆகாது. மல்டிமீட்டர் காட்டுவது செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே, அதை இம்பீடன்ஸ் என்று அழைப்பது தவறு. காயிலின் அதே 8000 சுற்றைத் தடித்த கம்பியில் சுற்றினால் ஓம் குறையும், இண்டக்டன்ஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிக்கப்பின் குரலை ஆள்வது இந்த இண்டக்டன்ஸ்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் காயிலில் அது சுமார் 2.5 ஹென்றி. 4000 ஹெர்ட்ஸில் அந்தக் காயில் 60 கிலோ ஓமுக்கு மேல் எதிர்ப்புக் காட்டும். மீட்டரில் தெரிந்த 6 கிலோ ஓம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கேபிளும் இதில் ஓர் உறுப்பு என்பதைப் பலர் மறக்கிறார்கள். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால் 6 மீட்டர் கேபிளில் 600 பிகோஃபாரட். காயிலும் கேபிளும் சேர்ந்து 4100 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கின்றன. அதற்கு மேலே ஒலி வேகமாகச் சரிகிறது. கேபிளை மாற்றினால் கிடாரின் குரல் மாறுவது இதனால்தான். சுற்றுகளைக் கால் பங்காக்கினால் இண்டக்டன்ஸ் பதினாறில் ஒரு பங்காகும்; அதுவே குறைந்த இம்பீடன்ஸ் பிக்கப். ஒத்ததிர்வு 16,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். எனவே கேட்க வேண்டியது "எத்தனை ஹென்றி, எத்தனை சுற்று" என்பதே. ஓமை மட்டும் அச்சிட்டு பிக்கப் விற்பவர் வாங்குபவருக்குப் பயனுள்ள எதையும் சொல்லவில்லை.

கேள்வி: 2000 சுற்றில் சிக்னல் மெலிந்துவிடுமே?

பதில்: மெலியும். மின்னழுத்தம் கால் பங்காகும், அதாவது 12 டெசிபல் இழப்பு. ஈடுகட்டத்தான் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி). ஸ்டூடியோ மிக்ஸரில் நேரடியாகச் செருக விரும்பிய கிடார் கலைஞர் லெஸ் பால் இவ்வகைப் பிக்கப்பை வற்புறுத்தினார். அவர் பெயரில் கிப்சன் 1969இல் கொண்டுவந்த பெர்சனல், ப்ரொஃபெஷனல் கிடார்களைச் சாதாரண ஆம்பில் இணைக்க டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டது. அலெம்பிக் நிறுவனம் தன் பேஸ் கிடார்களுக்குள்ளேயே ப்ரீஆம்பை வைத்தது. இன்று செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே சிறந்தது.

கேள்வி: செய்து முடித்த பிக்கப்பில் ஒலி தெளிவாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. எங்கே பழுது?

பதில்: பழுது எதுவும் இல்லை. காது பழகிய அந்த 4000 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு மேடு போய்விட்டது, அவ்வளவுதான். காயிலுக்கு இணையாக, ப்ரீஆம்புக்கு முன்னால், 0.01 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வைத்தால் மேடு பழைய இடத்துக்கே திரும்பும். ஒலி கூர்மையாகக் குத்தினால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாகச் சேர்க்கலாம். சுவிட்ச் வழியாக இரண்டு மூன்று கபாசிட்டர்களை மாற்றும் வசதி வைத்தால் ஒரே பிக்கப்பில் பல குரல்கள் கிடைக்கும். குறைந்த இம்பீடன்ஸின் உண்மையான செல்வம் இதுதான். இதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

கேள்வி: சுற்று குறைந்தும் ஹம் ஏன் போகவில்லை?

பதில்: போகாது. மின்மாற்றியின் காந்தப்புலம் தரும் ஹம், தந்தியின் சிக்னல் இரண்டும் சுற்றுக்கேற்பச் சேர்ந்தே குறைகின்றன. ப்ரீஆம்ப் இரண்டையும் சேர்த்தே உயர்த்துகிறது. செம்புத் தாள் ஒட்டினாலும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் நிற்காது. எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்த இரண்டாவது காயில் வேண்டும்.

கேள்வி: ப்ரீஆம்புக்கு டிஎல்072 ஐசி போதுமா?

பதில்: அதிக இம்பீடன்ஸ் பிக்கப்புக்கு அது நல்ல தேர்வு. இங்கே காயிலின் சொந்த இரைச்சலைவிட ஐசியின் இரைச்சல் மிகுந்துவிடும். டிஎல்072இன் மின்னழுத்த இரைச்சல் 18 நானோவோல்ட் என்றால், என்இ5534இல் அது சுமார் 4 நானோவோல்ட் (இரண்டும் ரூட் ஹெர்ட்ஸுக்கு). ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் 3.3 கிலோ ஓம், 1 கிலோ ஓம் இருந்தால் பெருக்கம் 4.3. அந்த இடத்தில் 100 கிலோ ஓம் வைத்துவிட்டு இரைச்சலுக்கு ஐசியைக் குறை சொல்லக் கூடாது. 5534 ஏறத்தாழ 4 மில்லிஆம்பியர் இழுக்கும். 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக வைத்தால் பேஸ் கிடாரில் தந்தியை ஓங்கி அடித்தாலும் ஒலி வெட்டுப்படாது.

கேள்வி: பேட்டரி ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுகிறதே?

பதில்: வாசித்து முடித்ததும் ஜாக்கிலிருந்து பிளக்கை உருவ வேண்டும். ஸ்டீரியோ ஜாக்கில் பிளக் இருக்கும்வரை ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: பழைய 250 கிலோ ஓம் வால்யூம் பாட்டையே ப்ரீஆம்புக்குப் பின்னால் வைக்கலாமா?

பதில்: கூடாது. 25 கிலோ ஓம் பாட் வேண்டும். அதன் பிறகு 10 மீட்டர் கேபிள் போட்டாலும் குரல் மாறாது.